சர்வரை மாத்தணும் அண்ணாச்சி!

இந்த வாக்கியத்தை நான் முதலில் சொன்ன இடம் தப்பு. விருதுநகரில் ஒரு புரோட்டா கடை. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவில் ஊறவைத்துக்கொண்டிருந்தார் எங்கள் முதலாளி அண்ணாச்சி. நான் சொன்னது பக்கத்தில் வாளியோடு நின்றவர் காதில் விழுந்து, "நான் என்ன ஸார் குறை வெச்சேன்?" என்று அவர் முகம் சுண்டிப்போனது. 1964-ல் நாகேஷ் 'சர்வர் சுந்தர'மாக வந்தாலும் வந்தார், நம் ஜனங்களுக்கு சர்வர் என்றால் இட்லி, வடைதான். எங்கள் ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் உறுமுகிற கறுப்புப் பெட்டிக்கும் அதே பெயர் என்று விளக்குவதற்குள் சால்னா ஆறிவிட்டது.

அடியேன் தினமும் திருத்தங்கல் வழியாக சிவகாசிக்குப் பஸ் பிடிக்கிறவன். காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்ட் என்றால் நானும் ஒரு டேபிள் ஃபேனும்.

சர்வர் 2013-ல் வாங்கியது. ஆயுத பூஜைதோறும் வைத்த சந்தனம், குங்குமத்தைச் சுரண்டி எண்ணினால் வயசு தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 'போன வருஷம் மாதிரியே' இருக்கிறது! ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷ ஆல்பம் வெளியானதும் ஆர்டர் கொட்டும். நகைக்கடைக்காரர், மளிகைக்கடைக்காரர் எல்லாரும் போனில் சொல்வது ஒரே வரி: "போன வருஷம் மாதிரியே போட்ருங்க." எந்தக் கடைக்கு முருகன், எந்தக் கடைக்கு மீனாட்சி, பெயர் சிவப்பா பச்சையா, எந்த போன் நம்பரை எடுக்கச் சொன்னார்கள்... கடைக்காரருக்கே ஞாபகம் இருக்காது. சர்வருக்கு இருக்கும்.

2023 அக்டோபர் 10-ம் தேதியோடு அதிலிருந்த விண்டோஸ் 2012-க்குப் பாதுகாப்பு ஒட்டுப் போடுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே வாரம் இரண்டு டிஸ்க்கில் ஒன்றுக்கு ஆரஞ்சு விளக்கு. கொட்டேஷனோடு போனேன்.

"ஓடுதுல்ல?" என்றார் அண்ணாச்சி. "கீழ நிக்கிற ஜெர்மன் மெஷின் நான் பள்ளிக்கூடம் போறப்ப வாங்குனது. அதுவும் செகண்ட் ஹேண்டு. இன்னைக்கும் அடிக்குது."

நியாயம்தான். ஆனால் அச்சு மெஷின் சாகுமுன் சத்தம் போடும். பேரிங் தேய்ந்தால் கட்டடத்துக்கே கேட்கும். உடைந்த பார்ட்டைக் கொடுத்தால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கடைந்து தர ஆள் கிடையாது. ராத்திரி நன்றாகத் தூங்கி, காலையில் எழுந்திருக்காத தாத்தா மாதிரி போய்விடும்.

இதைச் சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, இன்னைக்கே செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ. எத்தனை நாள்ல கடை தொறக்கலாம்?"

"ஒரே நாள் அண்ணாச்சி. தினமும் பேக்கப் எடுக்கறோம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஒருக்க சாகடிச்சுப் பாரு. கொட்டேஷன் அப்புறம் பாப்போம்."

ஞாயிறு மத்தியானம் ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் பேக்கப்பை இறக்கினேன். கணக்கு வந்தது. முகவரிகள் வந்தன. டிசைன்கள் 2019 வரை வந்தன. அதற்குப் பிறகு? சூனியம்.

வயிற்றில் ஆயிரம்வாலா வெடித்தது. 2019-ல் இடம் போதவில்லை என்று டிசைன் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியது நான்தான். பேக்கப்பிடம் அதைச் சொல்ல மறந்தவனும் நான்தான். அது பாட்டுக்குத் தினமும் ராத்திரி காலி இடத்தை நகலெடுத்து 'வெற்றி' என்று பச்சை டிக் போட்டிருக்கிறது. நானும் தினமும் காலையில் டிக்கைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்ற தெம்பு வேறு! அவை ஒன்றுக்கொன்று கண்ணாடி. ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும், வாஸ்தவம். ஆனால் கை தவறி ஒரு ஃபைலை அழித்தால் கண்ணாடியும் அதே நொடியில் அழிக்கும். அது பேக்கப் ஆகாது. இப்போது அந்தக் கண்ணாடியிலும் ஒரு பாதி ஆரஞ்சு.

நாலு வருஷத்து 'போன வருஷம் மாதிரியே', பத்து வயது டிஸ்க் ஒன்றை நம்பி நின்றது.

வெளியே ஓடிப்போய் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வந்து சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்பி போட்டேன். பாக்கி பதினொரு மணி நேரம் என்றது. வீட்டுக்குப் போகவில்லை. டேபிள் ஃபேனைச் சர்வர் பக்கம் திருப்பிவிட்டு பேப்பர் ரீம்கள் மேல் படுத்தேன். ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். 'கீக் கீக்' என்று கத்தக் கத்த, எனக்குத் தெரிந்த சாமிகளை ஆல்பத்தில் இருக்கிற வரிசைப்படியே கும்பிட்டேன். இருக்கன்குடி மாரியம்மன் வரும்போது கரண்ட் வந்தது.

விடிந்து ஐந்தேகாலுக்கு முடிந்தது.

அண்ணாச்சியிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? மாலைமுரசு படித்துக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"புது சர்வர் வாங்கியிருந்தா?"

"அதுலயும் இதே பேக்கப்தான் ஓடியிருக்கும் அண்ணாச்சி."

"ம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சீசன் முடியும்வரை சர்வரில் கை வைக்கவில்லை. ரிச்சி தெருவிலிருந்து ஒரு டிஸ்க்கை வரவழைத்து மாட்டியதோடு சரி. 2024 பொங்கல் கழிந்து புதுசு வந்தது. பழசை எடைக்குப் போடவும் அண்ணாச்சி விடவில்லை. இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, பேக்கப்பை இறக்கிப் பார்க்க அதையே வைத்திருக்கிறோம். எக்ஸ்டர்னல் டிஸ்க் இப்போது இரண்டு. ஒன்று ஆபீஸில் இருந்தால் மற்றது என் வீட்டுப் பீரோவில், என் மனைவியின் பட்டுப்புடவைக்கு அடியில்.

மாசத்தில் முதல் ஞாயிறு சர்வரைச் சாகடிக்கும் தினம். திங்கட்கிழமை அண்ணாச்சியின் முதல் கேள்வி: "நேத்து பொழைச்சுதாப்பா?"