நடுவில் வளர்ந்த சுவர்

படத்தை அகலமாக்கும்போது நீள வேண்டியது முகமா, சுவரா? காக்கநாட்டில் ஆல்பம் வடிவமைத்துப் பிழைக்கும் எனக்கு இது அன்றாடக் கேள்வி. இன்ஃபோபார்க் இளைஞர்களின் கல்யாணப் படங்களில் இதற்குச் சுலபமாக விடை கண்டவன், அம்மாவின் 75வது பிறந்த நாளுக்குத் தயாரித்த பேனரில் கோட்டை விட்டேன்.

1974இல் மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். படம் சதுரம், பேனரோ 6 அடிக்கு 4 அடி. அப்படியே இழுத்தால் அப்பா குண்டாகிவிடுவார். மேலும் கீழும் வெட்டினால் கால்கள் போய்விடும்.

இந்தச் சிக்கலுக்கு 2007இல் ஷாய் அவிதான், ஆரியல் ஷமிர் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். மறு வருடமே அது ஃபோட்டோஷாப்பில் இடம்பெற்றது. படத்தின் மேலிருந்து கீழாக, வரிசைக்கு ஒரு புள்ளி வீதம், மாற்றம் மிகக் குறைவாக உள்ள பாதைகளைக் கம்ப்யூட்டர் தேடும். அவற்றை ஒட்டி அதே சாயலில் புதிய புள்ளிகளைச் செருகும். வெற்றுச் சுவர் நீளும், ஆட்கள் தப்புவார்கள். தோல் நிறத்தைக் கண்டு மனிதர்களைக் காப்பாற்றும் பொத்தானும் உண்டு. ஆனால் கறுப்பு வெள்ளையில் தோலுக்கு ஏது நிறம்? காக்க வேண்டிய பகுதிகளை நானே வெள்ளைத் திட்டாகத் தீட்டிக் காட்டினேன். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

முகங்கள் கச்சிதம். பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“என்னடா இது, உங்கப்பா எங்கேயோ நிக்கறார்? எங்களுக்கு நடுவுல ஒரு சாண்கூட இல்லையேடா!”

அப்போதுதான் கவனித்தேன். இருவருக்கும் இடையே தெரிந்த துளிச் சுவரைக் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு அது வெறும் காலியிடம். தாராளமாக வளர்த்துவிட்டது. அப்பா இறந்து 11 வருடமாகிறது. அவரை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியவன் நான்தான்.

அன்றிரவே திருத்தினேன். இம்முறை இருவரையும், நடுவிலிருந்த இடத்தையும் சேர்த்து ஒரே திட்டு. நீண்டதெல்லாம் இரு பக்கச் சுவர்கள்.

அம்மா வெகு நேரம் பார்த்தாள். “இவ்வளவு பெரிய வீட்டிலயா இருந்தோம்?” என்று சிரித்தாள்.

அந்தப் பொய்யில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.