அண்ணன் அனுப்பும் சீர்

திருச்சி மேலப்புதூர் மரியன்னை பேராலயத்தில் செபித்து, காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் சென்றோம். தைப்பூசத்தன்று, சமயபுரம் மாரியம்மனுக்கு அண்ணன் முறையில் அரங்கநாதர் கோயிலிலிருந்து சீர் செல்லும். கொள்ளிடக்கரையில் அது வழங்கப்பெறும். இப்பகுதி மக்களுக்கு உறவுச்சொல் பிறப்பை மட்டுமன்று, கடமையையும் குறிப்பது.

நம் குடும்பங்களிலும் பெரியம்மா பிள்ளையும் சித்தி பிள்ளையும் அண்ணன் தம்பியரே. யாரேனும் கேட்டாலன்றி ‘ஒன்றுவிட்ட’ என நாம் சொல்வதில்லை. விவிலிய மாந்தர் வழக்கும் இத்தகையதே. உடன்பிறந்தாரின் மகனான லோத்தை ஆபிராம் தமக்குச் சகோதரன் என்றே கூறினார் (தொடக்க நூல் 13:8).

இயேசுவின் ‘சகோதரர்’ என மாற்கு 6:3 குறிக்கும் யாக்கோபு, யோசே என்னும் பெயருடைய இருவரின் தாயாக வேறொரு மரியாளை 15:40 காட்டுகிறது. இச்சகோதரர் ஒன்றுவிட்ட உறவினரே எனப் புனித ஜெரோம் 383-ஆம் ஆண்டளவில் வாதிட்டார். கீழைத் திருச்சபையினர் இவர்களைச் சூசையப்பரின் முன்மனைவி மக்கள் என்பர். புராட்டஸ்தாந்து சபையினர் பலர் மரியன்னையின் மக்களாகவே கொள்வர்.

நாமோ, சிலுவையில் தொங்கிய ஆண்டவர் தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்ததை எண்ணுகிறோம். வேறு மகன் இருந்திருப்பின் அது எதற்கு? தம்மைப் பெறாத அன்னையை அச்சீடர் தம் இல்லத்தில் ஏற்றார். ஆதரவற்ற பெரியம்மாவோ சித்தியோ நம் வாசலில் நிற்கையில், ‘ஒன்றுவிட்ட’ உறவென்று நாம் ஒதுங்கலாமா?