எந்தக் கூட்டமைப்பு வலியது?

அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்திலே (உண்மையில் அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்!) எந்தக் கூட்டமைப்பு வலியது என்னும் வாதம் வெறும் வம்பளப்பு அன்று என்பேன்.

2023இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி தன் 13 ஆட்டங்களையும் வென்று, அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பின் வாகையும் சூடிற்று. ஆயினும், தேசியப் பட்டத்துக்கு நான்கு அணிகளைத் தேர்ந்த குழு அதனை விலக்கி, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவை ஏற்றது. முன்னணி ஆட்டக்காரர் காயமுற்றமையைக் காரணமாகக் காட்டினர்.

வெவ்வேறு கூட்டமைப்பினர் தம்முள் மோதுவது சொற்பம். ஆகவே பழம்பெருமையே அளவுகோலாகிறது. அலபாமா சார்ந்த தென்கிழக்குக் கூட்டமைப்போ 2006 முதல் 2012 வரை ஏழு பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அந்தப் புகழின் நிழல் தீர்ப்பில் விழவில்லை என்று நம்ப என்னால் இயலவில்லை. உடல் நோக ஆடிய இளைஞரின் வெற்றிகள் ஒரு மேசையருகே மதிப்பிழந்தன. 2024இல் இடங்கள் 12 ஆயின. தேர்வோ இன்னும் குழுவின் கையில்தான்.