ஈர்க்கும் ஊசியும்

கைப்பணி எதுவாயினும் அதற்குரிய கருவியைத் தேர்ந்துகொள்வதே முதற் கடமையாகும். தச்சனுக்கு உளி எவ்வாறோ, அவ்வாறே காகிதச் சுருள் வேலை செய்வோர்க்குச் சுருட்டும் கருவி. ‘குவிலிங்’ எனப்படும் இவ்வேலையில், 3 அல்லது 5 மில்லிமீற்றர் அகலமுள்ள வண்ணக் காகித நாடாக்களைச் சுருட்டி, முனையைப் பசையால் ஒட்டி, விரலால் அழுத்தி, இதழாகவும் இலையாகவும் ஆக்குவர். அவற்றை அட்டையில் அழகுற ஒட்டினால் வாழ்த்து மடல் ஒன்று உருவாகிவிடும்.

பறவை இறகின் தண்டில் காகிதத்தைச் சுற்றியமையால் ஆங்கிலத்தில் இப்பெயர் ஏற்பட்டதென்பர். 1811ஆம் ஆண்டில் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிற்றி’ என்னும் நாவலிலே, சிறுமி ஒருத்திக்காகச் செய்யப்படும் கூடைக்குக் காகிதம் சுருட்டித் தர ஒரு பெண் முன்வருகிறாள். அன்று சீமாட்டிகளின் பொழுதுபோக்காயிருந்த இவ்வேலை, இன்று ஆலங்குடாவில் எமது இல்லத்துக்குச் சிறு வருவாயைத் தருகின்றது.

கடைகளிலே இருவகைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று, நுனியில் பிளவுள்ளது. காகித முனையை அப்பிளவிற் செருகித் திருகினால் நாடா தானே சுற்றிக்கொள்ளும். எளிதுதான், ஆயினும் சுருளின் நடுவில் சிறு மடிப்பொன்று தங்கிவிடும். மற்றையது வெறும் ஊசி. இதனாற் சுற்றிய சுருளின் நடு, மடிப்பின்றி வட்டமாக அமையும். ஆனால், காகித முனையை விரல் நுனியால் ஊசியோடு அழுத்திப் பிடித்தே சுற்றவேண்டும். விரல் நுனிக்கு உணர்ச்சி நன்றாயிருத்தல் அவசியம்.

எங்கள் தங்கை ஊசியையே விரும்பினாள். ராத்தாவுக்கோ அது கைவரவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பூமியில், மிளகாய்த் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் பல்லாண்டு கூலி வேலை செய்து காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. ஊசியிலிருந்து காகிதம் நழுவிக்கொண்டேயிருந்தது. “இது உங்கட வேலை, என்ட வேலையில்ல” என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். வெயிலில் நின்று உழைக்க இனி இயலாத அவருக்கு, வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழில் வேறு இல்லை என்பதை நாம் அறிவோம்.

வழி காட்டியவர் உம்மா. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்த பல்லாயிரம் முஸ்லிம் மக்களுள் அவரும் ஒருவர். தையற் பெட்டியையும் அங்கேயே விட்டு வந்தவர். முற்றத்துத் தென்னையோலையிலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து, அதன் பருத்த அடிப்பாகத்தை ஒரு சாண் அளவிற்கு வெட்டினார். முனையிலே அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மிகுதியாகப் பிளேட்டினாற் கீறினார். பிளவு மேலும் ஓடிவிடாதபடி அதன் கீழே நூலை இறுகச் சுற்றினார். பிடிக்குமிடத்திலே துணியைச் சுற்றித் தடிப்பாக்கினார். “பெட்டி போனாலும் கை இருக்குத்தானே, மகள்” என்று கூறி ராத்தாவிடம் கொடுத்தார்.

தடித்த பிடி காய்த்த விரல்களுக்கு இசைந்தது. நடுவில் விழும் மடிப்பைப் பூவின் மகரந்தம் போல ஒரு சிறு சுருளை ஒட்டி மறைத்துவிட்டோம். இப்பொழுது பெருநாள் மடல்களின் இலைகளும் பெரிய பூக்களும் ராத்தாவின் பொறுப்பு. நுண்ணிய மொட்டுகள் தங்கையுடையவை. வரும்படியைச் சமமாகவே பங்கிடுகின்றோம்.

ஆகவே, எக்கருவி சிறந்தது என வினவும் மாணவ மாணவியர்க்கு நாம் கூறுவது இதுவே: வேலையின் நுட்பத்தைப் பாருங்கள், அதைவிட, வேலை செய்யும் கையைப் பாருங்கள். விலை கொடுத்து வாங்குமுன் ஈர்க்கொன்றைக் கீறிப் பத்துச் சுருள்கள் சுற்றிப் பார்ப்பது நன்று. எமக்குப் பிரியமான கருவி ஈர்க்குத்தான். அது முறிந்தால் வருந்தவேண்டியதில்லை, தொலைந்தால் தேடவேண்டியதில்லை, எந்த ஊரில் வாழ நேர்ந்தாலும், தென்னை நிற்கும் இடத்திலே மீண்டும் செய்துகொள்ளலாம்.