எண்பதில் நிற்கும் பட்டை

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பிரிண்ட் கடை. சுக்கு குடோனில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் ஒருவர், மகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை அச்செடுக்க ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டு வந்திருந்தார். கம்ப்யூட்டர் அப்டேட் தேடிக்கொண்டிருந்தது. “எண்பது ஆயிடுச்சு, இப்ப முடிஞ்சிடும் அக்கா” என்றார் கடைக்காரத் தம்பி. மளமளவென்று 80 வரை ஓடிய பச்சைப் பட்டை அதற்குமேல் அசையவில்லை. அந்த அக்கா கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு போனார்.

தம்பி பொய் சொல்லவில்லை. பட்டை காட்டியதை நம்பினார். அப்டேட் தேடுவதென்றால் சர்வரிலிருந்து பட்டியல் வர வேண்டும். கணினியில் இருக்கும் பதிப்புகளோடு அதை ஒத்துப்பார்க்க வேண்டும். ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்த வேறு எவை மாற வேண்டும் என்று கணக்கிட வேண்டும். எந்தப் படி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது தொடங்கும்போது தெரியாது. ஐந்து படி என்றால் படிக்கு 20 சதவீதம் என்று பங்கு போட்டால், நான்கு படி நொடியில் முடிந்து, ஐந்தாவது படி மொத்த நேரத்தையும் விழுங்கலாம்.

எவ்வளவு முடிந்தது என்று காட்டினால் காத்திருப்பவர்களுக்குப் பிடிக்கிறது என்று 1985-இல் கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் ஆய்வு செய்து எழுதினார். கடைசியில் வேகமெடுக்கும் பட்டை, அதே நேரம் எடுத்தாலும் சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றும் என்று 2007-இல் கிறிஸ் ஹாரிசன் குழு காட்டியது. தோற்றத்தைச் சரிசெய்யும் வித்தை கைவந்துவிட்டது. காத்திருப்பவருக்கு வேண்டியதோ நிஜம்.

ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் தலைமுறைகளாகத் துவைக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் மழைக்காலத்தில் துணி போட்டால், வெயிலைப் பார்த்துத்தான் நாள் சொல்வார்கள். அந்த நேர்மை மென்பொருளிலும் முடியாததல்ல. உபுண்டு என்ற இயங்குதளத்தின் டெர்மினலில் ‘ஆப்ட் அப்டேட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், எந்தச் சர்வரிலிருந்து எந்தப் பட்டியல் வருகிறது என்று வரிவரியாக ஓடும். ஒரு வரி நின்றால், எங்கே நிற்கிறது என்று தெரியும். கேரளப் பள்ளிக் கணினிகளில் ஓடுவதும் உபுண்டு வழி வந்த கட்டற்ற மென்பொருள்தான். அதன் நிரலை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

அளவு தெரிந்த பிறகு சதவீதம் காட்டட்டும். அதுவரை என்ன வேலை நடக்கிறது என்று மட்டும், படிப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும். காத்திருப்பதா, போய்விட்டு நாளை வருவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் கூலி நேரத்தை விட்டு வந்தவர். அவருக்குத் தவறான எண்ணைக் காட்டுவது அநியாயம்.