ஒரு கரண்டித் துவையல்

கடலை நம்பி வாழும் குளச்சலில் பிறந்த பிள்ளைக்கு இறால் ஆகாது என்றால் எவர் நம்புவார்? எங்கள் உறவினர் எவரும் நம்பவில்லை.

என் மகள் நான்கு வயதில் இறால் உண்டபோது உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன. பரிசோதித்த மருத்துவர், இறாலும் நண்டும் இனி வேண்டாம். மீன் உண்ணலாம் என்றார். என் மாமியாரோ, “சிறிது சிறிதாகக் கொடுத்தால் பழகிவிடும் மக்களே” என்றார்.

அவளுக்கு ஆறு வயதானபோது உறவினர் இல்லத்தில் முதல் நற்கருணை விருந்து நடந்தது. மாமியார் பேத்திக்கு மரச்சீனிக் கிழங்கும் துவையலும் ஊட்டினார். துவையலில் கூனிப்பொடி இருந்தது அவருக்குத் தெரியும். ஒரு கரண்டி என்ன செய்துவிடும் என்று எண்ணினார். சில நிமிடங்களில் குழந்தையின் உதடுகள் வீங்கின, மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே அவள் முகத்தில் உயிர்க்களை திரும்பிற்று. மாமியார் செபமாலையுடன் வாசலிலேயே நின்றார். உள்ளே வரத் துணியவில்லை.

பல நாட்கள் நான் அவரோடு பேசவில்லை. மருத்துவரின் விளக்கமே என் கோபத்தைத் தணித்தது. 1902-ஆம் ஆண்டில் போர்ட்டியே, ரிஷே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள், கடல் உயிரிகளின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பழக்க முயன்றனர். பழகுவதற்கு மாறாக, மறுமுறை மிகச் சிறிய அளவே உயிரைப் பறித்தது. இவ்வாய்விற்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். அத்துணைப் பெரிய அறிஞர்களே எதிர்பாராத ஒன்றை என் மாமியார் எவ்வாறு அறிந்திருப்பார்? குற்றம் என்னிடமும் இருந்தது. விருந்து வீட்டில் உணவைப் பற்றிக் கேட்டால் செருக்கு என்பார்களே என்று அஞ்சி, வாய் திறவாதிருந்தவள் நான்தானே!

இதனை மாமியாரிடம் கூறியபோது இருவரும் அழுதோம். மறுநாளே அவர் புதிய சட்டியும் அகப்பையும் வாங்கி வந்து, “இவை என் பேத்திக்கு மட்டும்” என்றார். இறாலிலுள்ள அப்புரதம் வேகவைத்தாலும் அழியாது. இறால் பொரித்த எண்ணெயும் ஆகாது என்பதை இன்று அவரே பிறருக்கு எடுத்துரைக்கிறார். என் கணவர் கடலிலிருந்து திரும்பினால், குளித்து உடை மாற்றிய பின்னரே மகளை அணைக்கிறார். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. செல்லுமிடமெல்லாம் ஊசிமருந்து எங்களுடன் வருகிறது. ஊசி போட்டுத் தேறினாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தவறலாகாது. சில மணி நேரத்தில் அத்துன்பம் மீண்டும் தலைதூக்கக்கூடும்.

அன்பார்ந்த தாய்மாரே, உங்கள் பந்தியில் ஒரு குழந்தை “எனக்கு இது ஆகாது” என்றால், வற்புறுத்தாதீர்கள். “வேறு என்ன தரட்டும்?” என்று கேளுங்கள். ஊட்டுவது மட்டுமன்று, ஊட்டாதிருப்பதும் அன்பே.