நெடுந்தீவுக்குப் போன கமரா

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று இருபுறமும் கடல் தெரிகிற தாம்போதிகளைக் கடந்து வந்திருந்தோம். நானும் மாமியும் மட்டுந்தான். 2012 ஆம் ஆண்டு ஆவணி மாதம். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. படகில் ஏறுவதற்கு முன்பே மாமி தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

மாமி நெடுந்தீவில் பிறந்தவர். கலியாணம் முடித்து வட்டக்கச்சிக்கு வந்தவர். கிளிநொச்சிப் பக்கம் நெடுந்தீவுச் சனம் நிறைய உண்டு என்பது எங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய கலியாணப் படம், மாமாவின் படம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்துப் படங்கள் எல்லாம் ஒரு பையில் புதுமாத்தளன் வரைக்கும் வந்தன. அதற்கு அப்பால் வரவில்லை. மெனிக் பாமில் இருந்தபோது மாமி அந்தப் பையைப் பற்றித்தான் அடிக்கடி சொல்லுவார். நகையைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

"பிறந்த வளவையும் அக்காவையும் ஒருக்காப் படம் எடுத்துத் தா பிள்ளை. வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கமரா கனடாவிலிருக்கும் தம்பி அனுப்பியது. அவன் 2005 இல் வாங்கிப் பாவித்த பழையது. உள்ளே மெமரி கார்ட் இல்லை. யாழ்ப்பாணத்தில் 8 ஜிபி கார்ட் ஒன்று வாங்கிப் போட்டேன். கமரா அதை ஏற்க மறுத்துவிட்டது. கடைக்காரர் கமராவைக் குறை சொன்னார். நான் கார்ட்டைக் குறை சொன்னேன். உண்மையில் இரண்டிலும் பிழையில்லை. சாதாரண எஸ்.டி. கார்ட்டின் எல்லை 2 ஜிபி. அதற்கு மேற்பட்ட எஸ்.டி.எச்.சி. என்ற வகை 2006 இல்தான் வந்தது. அதற்கு முந்திய கமராவுக்கு அந்த வகையை வாசிக்கத் தெரியாது. இன்றும் வெளிநாட்டிலிருந்து உறவினர் பழைய கமரா அனுப்பினால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் 1 ஜிபி கார்ட் ஒன்று கிடைத்தது. அந்தக் கமராவுக்கு அது நானூறு படத்துக்குக் காணும்.

படகுப் பயணம் ஒரு மணித்தியாலம். அலை அடிக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே தெறித்தது. கமராவைச் சொப்பிங் பையில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன்னுடைய கைபேசியையும் அதற்குள் வைக்கச் சொல்லித் தந்தார்! மாமி வழியில் ஒன்றும் பேசவில்லை. இந்தக் கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன சனத்தை வெட்டிக் கொன்றார்கள். நெடுந்தீவார் எவரும் அந்த நாளை மறக்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

தீவில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மதில்கள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை. கடலிலிருந்து எடுத்த பவளக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த வேலிகள். நூறு வருடம் கடந்தும் நிற்கின்றன என்கிறார்கள். பிக்கப் வாகனக்காரர் எங்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்து ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலுள்ள புறாக்கூடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்ந்தன. எனக்கு எல்லாவற்றையும் எடுக்க ஆசை. மாமிக்குப் பொறுமையில்லை. "குதிரையை ஆர் காணேல்லை? வளவுக்குப் போவம்" என்றார்.

வளவில் வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் இரண்டு பனையும் இருந்தன. மாமி கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் எடுத்தேன். கல்லை எடுக்கச் சொன்னார், துலாக்கால் நின்ற இடத்தை எடுக்கச் சொன்னார், ஒன்றுமில்லாத ஒரு மூலையைக் காட்டி அதுதான் அடுப்படி என்று அதையும் எடுக்கச் சொன்னார். பிறகு பெரியமாமி வீட்டுக்குப் போனோம். அக்காவும் தங்கையும் இருபது வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறார்கள். இருவரும் அழவில்லை. ஒடியற்கூழ் காய்ச்சிக்கொண்டு ஊர்ச் சண்டைகளைக் கதைத்தார்கள். நான் எடுத்த படங்கள் மொத்தம் 137.

பிழை நடந்தது இறங்குதுறையில். பிற்பகல் படகு புறப்பட ஆயத்தமாக நின்றது. பெரியமாமி ஊன்றுகோலோடு வந்து நின்று கையை உயர்த்தினார். கடைசிப் படத்தை எடுத்தேன். கமராவின் பென்ரோர்ச் பற்றரிகள் காலையிலிருந்தே சோர்ந்து போயிருந்தன. சிவப்பு வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. படகுக்காரர் கூப்பிட்டார். அவசரத்தில் மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்றிவிட்டேன்.

அந்தச் சிவப்பு வெளிச்சம் மினுங்கினால் கமரா கார்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எழுதுகிற கையை இடையில் பிடித்து இழுத்ததுபோலத்தான் நான் செய்தது. புதுப் பற்றரி போட்டுப் பார்த்தபோது கார்ட் பழுது என்று திரையில் வந்தது. 137 படமும் இல்லை. அடுத்ததாக, "ஃபோர்மற் செய்யவா?" என்று கமரா கேட்டது. நான் பயத்தில் கமராவை நிறுத்திவிட்டேன். எனக்கு அறிவிருந்து செய்த காரியமில்லை அது. ஆனாலும் அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் முதலில் போன கடையில் "செத்துப்போச்சு, புதுசு வாங்குங்கோ" என்றார்கள். மாமி கடை வாசற்படியில் இருந்துவிட்டார். இரண்டாவதாக ஒரு ஸ்ரூடியோவில் இருந்த பையன் கார்ட்டை வாங்கி, பக்கவாட்டிலுள்ள சிறு பொத்தானைப் பூட்டுப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கணினியில் போட்டான். ஏன் தம்பி என்று கேட்டேன்.

"பூட்டினால் கணினி இதில ஒண்டும் எழுதாது அக்கா. வைரசும் ஏறாது. இனி இதில ஒரு படமும் எடுக்காதேங்கோ."

பிறகு அவன் விளங்கப்படுத்தினான். கார்ட்டுக்குள் பிலிம் இல்லை. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மின்னேற்றமாகப் படம் இருக்கிறது. எந்தப் படம் எந்த அறையில் என்பதை எழுதி வைக்க ஓர் இடாப்பு உண்டு. பள்ளிக்கூட இடாப்புப் போலத்தான். இடாப்புக் கிழிந்தால் பிள்ளைகள் வகுப்பில் இல்லை என்றாகிவிடுமா? பிள்ளைகள் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். பெயர் கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். நாங்கள் ஒரு படத்தை அழித்தாலும், கமராவில் ஃபோர்மற் செய்தாலும் பெரும்பாலும் இடாப்பில் உள்ள பெயர்தான் போகிறது. ஆனால் புதிதாகப் படம் எடுத்தால் அது பழைய பிள்ளையின் கதிரையில் போய் இருந்துவிடும். அதற்குப் பிறகு மீட்க முடியாது.

அவன் பாவித்தது போட்டோறெக் என்ற மென்பொருள். இலவசமாகக் கிடைப்பது. அது இடாப்பைப் பார்க்காமல் ஒவ்வொரு அறையாகத் தட்டி, இங்கே படம் தொடங்குகிறதா என்று தேடும். கிடைத்ததைக் கார்ட்டில் வைக்காமல் கணினியில் வேறாகச் சேர்க்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரத்துக்குள் அவன் தன் அனுபவங்களைச் சொன்னான். மகனின் அடையாள அட்டைப் படம் ஒன்றை மட்டும் கொண்டுவந்து பெரிதாக்கித் தரக் கேட்கிற தாய்மார் கிழமைக்கு இரண்டு பேராவது வருவார்களாம். அவர்களிடம் அவன் முதலில் செய்வது அந்தப் படத்தைப் பிரதியெடுத்து இரண்டு இடத்தில் வைப்பதாம்.

கார்ட் எதற்குப் பயப்படும், எதற்குப் பயப்படாது என்பதையும் அன்று கேட்டு அறிந்தேன். காந்தத்துக்குப் பயமில்லை. விமான நிலையத்து எக்ஸ்ரேக்கும் பயமில்லை. பழைய பிலிம் சுருளுக்குத்தான் அது கூடாது. தண்ணீரில் விழுந்தாலும் பலவேளை பிழைத்துவிடும். 2004 மார்கழி 26 ஆழிப்பேரலையில் தாய்லாந்தின் காவோலாக் கரையில் இறந்துபோன கனடியத் தம்பதியரின் கமரா உடைந்து பாழாய்க் கிடைத்தது. உள்ளிருந்த கார்ட்டில் அவர்கள் எடுத்த கடைசிப் படங்கள் இருந்தன. 2005 இல் அவை அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. ஆகவே கடல்தண்ணீர் பட்டால் எறிந்துவிட வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஈரம் முற்றாகப் போன பிறகே கமராவில் போட வேண்டும். பித்தளை நிறத் தகடுகளை விரலால் தொடக்கூடாது. உப்பும் வியர்வையும் அதை அரிக்கும்.

கார்ட்டை நம்பி வருடக்கணக்கில் அலுமாரியில் வைப்பதுதான் பெரிய பிழை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மின்னேற்றம் காலப்போக்கில் கசியும். திரும்பத் திரும்ப எழுதி அழித்தாலும் அறைகள் தேயும். நடைபாதையில் மலிவாக விற்கிற கார்ட்டுகளில் போலியும் உண்டு. வெளியே 32 என்று அச்சடித்திருக்கும், உள்ளே 4 தான் இருக்கும். நிரம்பிய பிறகு எடுக்கிற படம் எங்கும் பதியாது. கைபேசிக்குள் போடுகிற நகமளவு கார்ட்டுக்கும் இதே கதைதான். அதில் பூட்டுப் பொத்தான்கூட இல்லை. முக்கியமான படம் என்றால் அன்றைக்கே வேறோர் இடத்தில் ஒரு பிரதி. முடிந்தால் கடதாசியிலும் ஒன்று. காசு செலவுதான். எல்லாவற்றையும் அச்சடிக்கச் சொல்லவில்லை, இழந்தால் தாங்கமாட்டோம் என்ற நாலைந்தை மட்டும்.

மாலை ஆறு மணிக்கு 131 படங்கள் திரும்பி வந்தன. கிணறு வந்தது. அடுப்படி மூலை வந்தது. குதிரைகளில் சில வரவில்லை. மாமிக்கு அதில் கவலையுமில்லை.

இறங்குதுறையில் எடுத்த கடைசிப் படம் பாதிதான் வந்தது. மேல் பாதியில் வானமும் பெரியமாமியின் முகமும் உயர்த்திய கையும். கீழ்ப் பாதி முழுவதும் சாம்பல் நிறம். எழுதி முடிக்காமல் நான் கழற்றிய இடம் அது. பையன் அந்தப் பகுதியை வெட்டிவிடவா என்று கேட்டான். மாமி வேண்டாம் என்றார்.

பெரியமாமி 2014 இல் காலமானார். வட்டக்கச்சி வீட்டுச் சுவரில் அந்தப் படம் சாம்பல் நிறத்தோடுதான் தொங்குகிறது. வருகிறவர்கள் கீழே என்ன என்று கேட்பார்கள். "அது கடல்" என்று மாமி சொல்லுவார்.